நடாமல் வளர்ந்த சோலை
தம்புள்ளை மரப்பூங்காவுக்குக் கமக்காரர் சென்றுவந்த விபரம்

வறண்ட வலயத்திற் கமஞ்செய்யும் மக்களுக்குக் குளம் எத்துணை இன்றியமையாதது என்பதை எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. ஆயின், அக்குளத்துக்கு மேலே கிடக்கும் காட்டைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. மாரிமழை அக்காட்டினூடாகத் தங்கித் தங்கி வடிந்து வருமாயின், குளத்திற் சேர்வது நீர். காடழிந்த வெறுநிலத்தின்மேல் ஓடி வருமாயின், நீரோடு மண்ணும் வந்து சேரும். ஆண்டுதோறும் படியும் மண் குளத்தின் ஆழத்தைக் குறைக்கின்றது. நீர் நிற்கவேண்டிய இடத்தில் மண் நிற்கின்றது. அதன் பலனைச் சிறுபோகத்திலே வயல் காட்டிவிடும்.

நான் கடமையாற்றும் வவுனியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இத்தகைய குளம் ஒன்று உண்டு. அதன் அலைகரைக்கு மேலேயுள்ள ஒதுக்கு நிலம் பெரும்பாலும் மரமற்றுக் கிடந்தது. அதற்கு அப்பாலுள்ள மேட்டுக்காணிகள் போர்க்காலத்திலே கைவிடப்பட்டவை. போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றபின் மக்கள் திரும்பி வந்தனர். எனினும் அக்காணிகளிற் பல, நாயுண்ணியும் சூரையும் மண்டிய முட்பற்றைகளாகவே நின்றன.

2021 ஆம் ஆண்டு ஐப்பசியில், முதல் மழை பெய்தவுடனே, அந்த ஒதுக்கு நிலத்தில் மரம் நடுமாறு கமக்காரர் அமைப்புக்கு நானே ஆலோசனை கூறினேன். உரிய அனுமதியைப் பெற்று, நிலத்திலிருந்த பற்றையை முற்றாக வெட்டித் தீயிட்டு, குழி தோண்டி, நாற்றுமேடையிலிருந்து கொணர்ந்த நூற்றுக்கணக்கான கன்றுகளை வரிசையாக நட்டோம். சிறுவர் முதல் முதியோர் வரை வந்து உழைத்தனர். மாரி முடியும்வரை யாவும் பசுமையாக நின்றன. அடுத்த ஆவணியில் நான் சென்று பார்த்தபோது, தப்பி நின்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. வரிசைகளுக்கிடையே ஆளுயரத்துக்குக் கினிப்புல் வளர்ந்து காய்ந்திருந்தது. ஊரவர் ஒருவரும் என்னைக் குறைகூறவில்லை. ஆயினும், அடுத்த கூட்டத்திலே மரநடுகை பற்றி நான் வாய்திறந்தபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்தனர். குறைகூறியிருந்தால் எனக்கு அது இலேசாக இருந்திருக்கும்.

நாங்கள் செய்த பிழை யாது என்பதை அறியும் பொருட்டே, 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கமக்காரர் பதினைந்து பேருடன் தம்புள்ளைக்குச் சென்றோம். அங்குக் கண்டவற்றை ஏனைய கமக்காரரும் அறிந்து பயன்பெறுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்காவின் வரலாறு

கண்டி வீதி வழியாக மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவலை ஆகிய இடங்களைக் கடந்தால் தம்புள்ளை வரும். நம்மவருக்கு அவ்வூர் புதிதன்று. 1999 ஆம் ஆண்டில் அங்கு ஆரம்பிக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கே நமது பூசணியும் கத்தரியும் வெண்டியும் லொறியேறிச் செல்கின்றன. சந்தையையும் பார்க்கலாம் என்று கூறியதனாலேயே எங்களோடு வந்தவருட் பலர் புறப்பட்டனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

தம்புள்ளை நகரிலிருந்து கண்டலமைக் குளத்துக்குச் செல்லும் வீதியிலே, சில கிலோமீற்றர் தூரத்தில், பொப்பம் மரப்பூங்கா அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டத் துறையிலிருந்த சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963 ஆம் ஆண்டில் இங்கு ஏழரை ஏக்கர் நிலத்தை வாங்கினார். சேனை செய்து கைவிடப்பட்ட முட்பற்றை நிலம் அது. வறண்ட வலயத்துக்குரிய மரங்களை ஓரிடத்திற் பேணிக் காட்டவேண்டும் என்பது அவருடைய விருப்பம். பற்றையை வெட்டி உள்ளே சென்றபோது, அதனடியிலே காட்டுமரக் கன்றுகள் தாமாகவே முளைத்து, ஒளிக்கும் இடத்துக்கும் ஏங்கி நிற்பதை அவர் கண்டார். ஆகவே, புதிதாக நடுவதிலும் பார்க்க, இருப்பவற்றை நெருக்கத்தினின்று விடுவிப்பதே மேல் என்ற முறையை அவர் கைக்கொண்டார். பின்னர் அயலிலிருந்த மேலும் ஒரு நிலப்பகுதி இதனோடு சேர்ந்தது. 1989 ஆம் ஆண்டு தொடக்கம் இப்பூங்கா கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் பொறுப்பில் உள்ளது. அவர் கைக்கொண்ட முறையை அறிஞர்கள் பொப்பம் முறை என்றே வழங்குகின்றனர்.

பூங்காவினுள்ளே சிறிய வீடொன்று உண்டு. புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஜெப்ரி பாவா வரைந்த அமைப்பிலே அது கட்டப்பட்டது. பார்வையிட வருவோர் அங்கிருந்தே புறப்படுகின்றனர். நிற அடையாளமிட்ட நடைபாதைகள் மரங்களினூடாகச் செல்கின்றன. சிறிது தூரம் நடக்கவும், நெடுந்தூரம் நடக்கவும் வெவ்வேறு பாதைகள் உள்ளன.

நடைபாதையிற் கண்டவை

நாங்கள் அங்குச் சேர்ந்தபோது காலை பத்து மணியாகவில்லை. வீதியிலே வெயில் எரித்தது. வாயிலைக் கடந்து நூறு அடி நடந்தவுடனே காற்றுக் குளிர்ந்தது. எங்களோடு வந்த ஒருவர், நடுத்தர வயதினர், பேராதனைப் பூந்தோட்டத்தைப் போன்ற ஓரிடத்தை எதிர்பார்த்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஐயா, பூங்கா என்றீர்கள், பூ எங்கே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர். அவருடைய கேள்வியும் நியாயமானதே. அங்கே பாத்தியில்லை, வரிசையில்லை, வேலிபோல் வெட்டிய செடியுமில்லை. காடு தான் இருந்தது. ஆயின் உள்ளே நடக்கக்கூடிய காடு. ஒவ்வொரு மரத்துக்கும் நிமிர்ந்து நிற்க இடமிருந்த காடு.

வழிகாட்டி சிங்களத்திற் பேசினார். நான் தமிழில் எடுத்துக் கூறினேன். சிறிது நேரத்துக்குப்பின் என்னுடைய உதவி வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு மரத்தைத் தொட்டு "பாலு" என்றார். எங்களிடையே வயதில் மூத்த பெரியவர் "பாலை" என்றார். அவர் "வீர" என்றார். பெரியவர் "வீரை" என்றார். "கலுவர" என்றபோது பெரியவர் பட்டையின் கரிய நிறத்தைப் பார்த்து "கருங்காலி" என்றும், "புருத்த" என்றபோது இலையைக் கசக்கி முகர்ந்து "முதிரை" என்றும் கூறினார். ஹல்மில்ல என்பது நமது சாவண்டலை. முற்காலத்தில் இம்மரம் பிற நாடுகளுக்குத் திருகோணமலை மரம் என்ற பெயரோடு சென்றது. ஒருவர் மொழியை மற்றவர் அறியாத அவ்விருவரும் மரத்துக்கு மரம் நின்று உரையாடிக்கொண்டே நடந்தனர். நாங்கள் பின்னே சென்றோம்.

அப்பாதையில் அறிந்துகொண்டவற்றுள் முதன்மையானது, சிறு கன்றுகளை இனங்காணும் வகையாகும். முதிரைக் கன்றின் இலை, ஈர்க்கின் இருமருங்கிலும் சிறிய இலைகளாகப் பிரிந்து, சாம்பல் படர்ந்த பச்சை நிறமாக இருக்கும். கசக்கினால் மணம் வீசும். பாலையின் இலை தடித்தது; அதன் நுனி கூராக முடியாமற் சற்றே உட்குழிந்திருக்கும்; கிள்ளினாற் பால் வடியும். வீரையின் இலை மினுக்கமானது. முதிர்ந்த வீரை மரத்தின் அடி உருண்டையாக இராது, மேடும் பள்ளமுமாக முறுகியிருக்கும். இவற்றை அறியாதவனுக்குப் பற்றையினுள் நிற்கும் முதிரைக் கன்றும் நாயுண்ணியும் ஒன்றே. கத்தி இரண்டையும் ஒன்றாகவே வெட்டிவிடும்.

இக்கன்றுகள் அங்கு வந்த வழியையும் வழிகாட்டி விளக்கினார். முதிரையின் விதைக்குச் சிறகுண்டு. காற்று அதைக் கொண்டு செல்லும். பாலைப்பழத்தையும் வீரைப்பழத்தையும் பறவைகளும் விலங்குகளும் தின்று விதையை வேறிடங்களில் இடுகின்றன. வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் பல மண்ணுக்குள் உயிரோடிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. ஆகவே, கைவிடப்பட்ட சேனை நிலம் வெறுமையாகத் தோன்றினும், அருகே காடு எஞ்சியிருப்பின், அது விதைக்கப்பட்ட வயலுக்கு ஒப்பானது. களை மூடியதால் முளை தெரியவில்லை, அவ்வளவே.

எங்கள் பிழை

ஓரிடத்திலே வழிகாட்டி நின்று, முழங்கால் உயரமான பாலைக் கன்றொன்றைக் காட்டினார். அது விழுந்த விதையிலிருந்து முளைத்தது. "மேலே இவ்வளவே, கீழே வேர் எவ்வளவு ஆழம் சென்றிருக்கும் என்று எண்ணுகிறீர்கள்?" என்று கேட்டார். தானாக முளைத்த கன்று முதலில் ஆணிவேரை ஆழமாகச் செலுத்துகின்றது. ஈரம் கீழே இறங்க இறங்க வேரும் இறங்குகின்றது. உறையில் வளர்த்த கன்றின் வேரோ உறையின் அடியில் வளைந்து சுருண்டுவிடும். மாரியில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கோடையே அவற்றைப் பிரித்தறிவிக்கின்றது.

வறண்ட வலயத்தில் ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவானது. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்து முடிகின்றது. அதன்பின் வைகாசி முதல் புரட்டாதி வரை நீண்ட வறட்சி. நீர் வார்க்க வசதியில்லாத நிலத்தில் நட்ட இளங்கன்று அத்தனை மாதங்களையும் சுருண்ட வேரோடு கழித்தல் அரிது.

நாங்கள் பற்றையை முற்றாக வெட்டி எரித்ததும் பிழையே. பற்றை நிலத்துக்கு நிழலாகவும், உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகவும் இருந்தன. இரண்டையும் ஒரே நாளில் நீக்கினோம். திறந்த வெளியிலே கினிப்புல் வந்து பரவியது. கோடையில் அது காய்ந்தால் ஒரு தீக்குச்சி போதும். அன்றியும், நாங்கள் எரித்த பற்றையின் அடியிலே நிச்சயமாக முதிரையும் பாலையும் நின்றிருக்கும். மரம் வளர்க்கச் சென்ற நாங்கள், வளர்ந்துகொண்டிருந்த மரங்களை எரித்து, வளரமாட்டாதவற்றை அவ்விடத்தில் நட்டோம்.

இதை எங்களவருக்கு மொழிபெயர்த்துக் கூறும்போது என் குரல் சற்றுத் தளர்ந்தது. அந்த ஆலோசனை என்னுடையது என்பதை எல்லோரும் அறிவர். பெரியவர் என் அருகே வந்து, "தம்பி, வெட்டியது நாங்களுந்தானே. என் கத்திக்கும் கன்று தெரியவில்லை" என்றார்.

ஒரு கமக்காரரின் ஐயம்

பூ எங்கே என்று வினவிய கமக்காரருக்கு, எங்கள் குளத்துக்கு மேலே இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி உண்டு. அதை இயந்திரத்தாற் துப்புரவாக்கி, எரித்து, காலபோகத்தில் சோளம் இடுவதற்கு அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். மதிய உணவின்போது அவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஐயா, இந்த மனிதர் காட்டை வளர்த்தார். அவருக்கு வேறு வருவாய் இருந்திருக்கும். நான் சோளம் போட்டால் நான்கு மாதத்திற் கையில் பணம். முதிரை வளர்த்தால் என் பேரனுக்காவது கிடைக்குமா?"

அவருக்குப் பொய் கூற நான் விரும்பவில்லை. காட்டுமரம் ஆறுதலாக வளர்வது. கருங்காலி மிக ஆறுதலாக வளர்வது. முதிரை, கருங்காலி போன்றவற்றைத் தறிப்பதற்கும் கொண்டு செல்வதற்கும் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே மரத்தை விற்று இலாபம் பெறலாம் என்று நான் கூறவில்லை. அவருடைய வயல் எங்கே இருக்கின்றது என்று மட்டும் கேட்டேன். குளத்துக்குக் கீழே, துருசிலிருந்து மூன்றாவது வாய்க்காலில் இருப்பதாகக் கூறினார். சிறுபோகம் கடைசியாகச் செய்தது எப்போது என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. பெரியவர் கூறினார்: "மேலே நீ சோளம் போடும் மண்ணெல்லாம் கீழே உன் குளத்துக்குள்ளேதான் வந்து படுக்கும்."

இது முன்னோர் அறிந்திருந்த உண்மை. வறண்ட வலயத்தின் பழைய கிராமங்களிலே, குளத்தின் மேற்புறத்தில் மருது, இலுப்பை முதலிய மரங்களின் சோலை ஒன்றை விட்டுவைத்தனர். சிங்களத்தில் அதைக் கஸ்கொம்மன என்பர். காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைப்பது அதன் பயன். அதற்கு மேலே, வரும் நீரிலுள்ள வண்டலைத் தடுக்கும் புற்றரையொன்று. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே கட்டக்கடுவ எனப்படும் மற்றொரு மரச்செறிவு. கட்டினூடாகக் கசியும் உவர் வயலைச் சேராமல் அது தடுக்கும். ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடர்ந்த இக்குளங்களையும் கிராமங்களையும் கொண்ட அமைப்பை, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம்மிடம் குளம் எஞ்சியுள்ளது. அதைக் காத்த மரங்களே எஞ்சவில்லை.

சந்தையும் தேவாங்கும்

பிற்பகலில், வாக்களித்தவாறே, பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சென்றோம். மூடைகளின் நடுவே விலை கேட்டும், தம் ஊர்ப் பூசணியைத் தேடியும் எங்களவர் மகிழ்ந்தனர். ஆயினும் மாலையில் மீண்டும் பூங்காவுக்குச் செல்லவேண்டும் என்று முதலிற் கூறியவர் அந்தச் சோளக் கமக்காரரே. இருட்டிய பின்னர் அங்குத் தேவாங்கைக் காணலாம் என்று வழிகாட்டி கூறியிருந்தார்.

செந்நிற ஒளி விளக்குடன், ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடந்தோம். நெடுநேரம் ஒன்றும் தென்படவில்லை. பின்னர், கிளைகளின் நடுவே இரண்டு கனல்கள் போலக் கண்கள் தெரிந்தன. கையளவே உடல், மெலிந்த கால்கள், கிளையைப் பற்றி மெல்ல மெல்ல நகர்ந்தது. பூச்சிகளே அதன் முக்கிய உணவு. தேவாங்கைப் பற்றி நம்மிடையே வழங்கும் மூடநம்பிக்கைகள் பல. அவற்றாற் கொல்லப்பட்டவையும் பல. எவருக்கும் தீங்கு செய்யாத அச்சிறு பிராணி, ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குக் கிளைவழியே செல்வது. பாய்ந்து செல்ல அதனால் இயலாது. கிளைகள் ஒன்றையொன்று தொடுமிடத்திலேயே அதற்கு வாழ்வு. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் முட்பற்றையாகக் கிடந்த இடத்தில் அது உலாவுவதைப் பார்த்துக்கொண்டு, எங்களவர் நெடுநேரம் நின்றனர்.

ஊர் திரும்பியபின்

அடுத்த வாரம் பெரியவர் பழைய சேலையொன்றைக் கீலங்களாகக் கிழித்துக்கொண்டு வந்தார். ஒதுக்கு நிலத்தின் ஓரத்திலே, நாங்கள் எரிக்காது விட்ட பற்றைக்குள் நுழைந்தோம். கண்ட கன்றுக்கெல்லாம் ஒரு கீலம் கட்டுவது என்பது ஏற்பாடு. முதிரை, பாலை, வீரை, நாவல், கொன்றை, விளா என ஒவ்வொன்றாகக் கட்டிச் சென்றோம். எண்ணிக்கை ஐம்பதைக் கடந்தபோது துணி தீர்ந்துவிட்டது. பற்றையின் காற்பங்கையும் நாங்கள் அப்போது கடந்திருக்கவில்லை.

அதன்பின் இரண்டு காலபோகங்கள் கழிந்துள்ளன. கீலம் கட்டிய கன்றுகளுட் சிலவற்றை மாடுகள் கடித்தன, சில பட்டுப்போயின. பெரும்பாலானவை நிற்கின்றன. உயரமானவை பற்றைக்கு மேலே தலையெடுத்துள்ளன. குளத்தின் மண் குறைந்துவிட்டது என்று கூற இஃது ஏற்ற காலமன்று. சோளக் கமக்காரர் தமது காணியின் ஒரு பகுதியிலே சோளம் இட்டார். குளத்துக்கு இறங்கும் ஓடையின் இருமருங்கிலும் உள்ள பற்றையை வெட்டாமல் விட்டு, அதனுள்ளே தாமே கீலங் கட்டினார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

இம்முறையைக் கைக்கொள்ள விரும்புவோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும்:

1. ஒதுக்கு நிலமாயின், கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர் முதலிய உரிய அதிகாரிகளின் அனுமதியைப் பெற்று, கமக்காரர் அமைப்பின் மூலமே வேலையைத் தொடங்குக. காட்டுத் திணைக்களத்துக்குரிய நிலத்தில் எதையும் வெட்டுதல் கூடாது.

2. வெட்டுமுன் பார்க்க. மரங்களின் பெயரறிந்த முதியவர் ஒருவரை அழைத்துச் சென்று, காட்டுமரக் கன்றுகளுக்கும் துளிர்க்கும் அடிக்கட்டைகளுக்கும் நிறத்துணி கட்டுக. மழைக்காலத்தின் முடிவில், இலைகள் செழித்திருக்கும்போது இனங்காணல் எளிது.

3. கன்றைச் சுற்றி ஏறக்குறைய ஒரு பாக அளவு மட்டும் முட்செடியையும், மேலே படரும் கொடியையும் வெட்டுக. முழுப் பற்றையையும் ஒரே முறையில் நீக்கற்க. நீக்கினாற் கினிப்புல் புகும்.

4. வெட்டியவற்றை எரியாது, கன்றின் அடியிலே பரப்புக. அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். தண்டோடு ஒட்டாமற் சிறிது இடைவெளி விடுக.

5. ஓர் அடிக்கட்டையிற் பல துளிர்கள் இருப்பின், நேராகவும் வலிமையாகவும் உள்ள ஒன்று அல்லது இரண்டை வைத்து ஏனையவற்றை நீக்குக.

6. ஆண்டுக்கு இருமுறையாவது சென்று, மீண்டும் நெருக்கும் செடிகொடிகளை வெட்டுக. கன்று பற்றையின் உயரத்தைக் கடந்தபின் வேலை குறையும்.

7. கோடை தொடங்குமுன், நிலத்தின் எல்லையிலே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை அமைக்க. கால்நடைகளை முதல் ஆண்டுகளில் உள்ளே விடாதிருத்தல் நன்று.

8. பற்றையின் அடியில் ஒரு கன்றேனும் காணப்படாத இடத்தில் மட்டும், மழையின் தொடக்கத்தில் அவ்விடத்துக்குரிய மரத்தின் கன்றை நடுக.

பார்வையிடச் செல்வோருக்கு

கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் குழுவாகச் செல்லும்போது, முன்கூட்டியே அறிவித்து ஒழுங்கு செய்துகொள்வது நலம். நீண்ட கைச்சட்டையும் காலணியும் அணிக. மழைக்காலமாயின் அட்டையும் உண்ணியும் இருக்கலாம். குடிநீர் கொண்டு செல்க. பாதையை விட்டு விலகாமலும், உரத்துப் பேசாமலும் நடக்க. தேவாங்கின்மீது வெண்ணிற ஒளியைப் பாய்ச்சுதல் கூடாது. அதன் கண்களுக்கு அது துன்பம் தரும். சிறுவரை அழைத்துச் செல்க. முதியவர் ஒருவரையும் தவறாது அழைத்துச் செல்க. ஏனெனில் மரத்தின் பெயரை அறிந்தவர் இன்று நம்மிடையே முதியவரே. அவரிடமிருந்து சிறுவர் அதைக் கேட்டறிய, நிழலில் நடக்கும் ஒரு காலைப்பொழுது போதும்.

உங்கள் குளத்துக்கு மேலே கைவிடப்பட்ட பற்றைக்காணி இருக்குமாயின், இவ்வாண்டு அதில் தீ வைக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஐயமிருப்பின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். அவரும் உங்களோடு சேர்ந்து குனிந்து பார்ப்பார். நான் அதைக் காலந் தாழ்த்தியே கற்றேன்.